தரை ஈரமில்லை

நம் பண்பாட்டை உலகத்துக்குக் காட்டுகிறோம் என்று மேடையில் ஒருவர் முழங்கும்போது நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். எதைக் காட்டாமல் ஒளித்தீர்கள் ஐயா என்று ஒருமுறையாவது எழுந்து கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். பெரியவர்கள் இருக்கும் சபையில் வாய் திறப்பது மரியாதைக் குறைவு என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். கேட்ட ஒருவரைப் பற்றியது இது. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார்.

பிழைப்புத் தேடி வந்து இந்த நகரத்தில் குடியேறிய நம்மவர்கள் ஆண்டுதோறும் ஒரு திரைப்பட விழா நடத்துகிறார்கள். ஊர் ஓரத்தில் இருக்கும் பழைய தியேட்டர் ஒன்றை மூன்று நாள் வாடகைக்கு எடுப்பார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. பல் டாக்டர் ஒருவர் தலைவர். எலெக்ட்ரீஷியன் ஒருவர் புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்கிறார். மளிகைக் கடைக்காரர் டிக்கெட் கிழிக்கிறார். சம்பளம் இல்லாத குறையைப் பதவியால் தீர்த்துக்கொள்வது நம் வழக்கம் அல்லவா? தலைவர், துணைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர் என்று ஆளுக்கொரு அட்டை கழுத்தில் தொங்கும். படங்களுக்கெல்லாம் சப்டைட்டில் எழுதுகிற பெண்மணிக்கு மட்டும் அட்டை அடிக்க மறந்துபோவார்கள். வருஷா வருஷம் மறந்தார்கள். அட்டை இல்லாவிட்டால் என்ன, ஊரே அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது: டைட்டில் அக்கா.

அக்காவின் அலுவலகம் சமையலறை மேசை. காலையில் பேருந்து ஓட்டிவிட்டு வந்ததும் சீருடைச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை படத்தைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சின்ன வயதில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. அம்மா வேலை செய்த வீட்டில் டிவி இருந்தது. பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றால் அதன் முதுகு மட்டும் தெரியும். உள்ளே வா என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒரு மழை நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மா கெஞ்சியபோதும் சொல்லவில்லை. ஆகவே அவர் வசனங்களைக் கேட்டே வளர்ந்தார். வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் தியேட்டருக்குப் போய் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தபோது சிரித்துவிட்டாராம். "குரலை வெச்சு ஹீரோன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தவன் வில்லன்! அத்தனை வருஷம் அவனுக்காகக் கவலைப்பட்டிருக்கேன்."

கேட்டு முடித்த பிறகு எழுதுவார். எழுதியதைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்ப்பார். கடைசியாக மகளைக் கூப்பிடுவார். பத்தாவது படிக்கிற மகளுக்கு நம் மொழி சாப்பாட்டு மேசை அளவுக்குத் தெரியும். சாப்பிட்டியா, தூங்கு, போனை வை. அதற்கு மேல் போனால் கீழே எழுத்து வேண்டும். படிக்கும்போது அவள் கண்ணைச் சுருக்கினால் அந்த வரி நீளம் என்று அர்த்தம். அக்கா உடனே வெட்டுவார்.

"ரெண்டு வரிக்கு மேல போனா கண்ணு கீழேயே நின்னுடும். நடிக்கிறவங்க மூஞ்சி போயிடும்" என்பார்.

"என்கிட்டயும் ரெண்டு வரிக்கு மேல பேசறதில்லை. என் மூஞ்சி மேல அவ்வளவு அக்கறை" என்பார் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைப்பவர். வீட்டிலும் அவர்தான் சமையல்.

இந்த முறை வந்த படங்களில் ஒன்று, சொந்த நாட்டில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து எடுத்தது. பரிசு வாங்கிய படம் என்று கேள்விப்பட்டுத் தலைவரே ஆசைப்பட்டு வரவழைத்தார். பார்க்கவில்லை. பரிசு வாங்கியதைப் பார்க்க வேறு வேண்டுமா என்ன?

கதை சின்னது. ஒரு முதியவர். அவருடைய பேத்தி டாக்டருக்குப் படித்து முடிக்கிறாள். ஊர் கூட்டிப் பாராட்டு விழா வைக்கிறார்கள். அந்த அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, தான் காலமெல்லாம் வேலை செய்த பெரிய வீட்டுக்குப் போகிறார் முதியவர். முதல் படியில் கால் வைக்கிறார். உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாள் கத்துகிறார்: "அங்கேயே நில்லு! பேத்தி படிச்சுட்டா உன் சாதி மாறிடுமா? உங்க ஆளுங்க இந்தப் படியேறக் கூடாது." முதியவர் திரும்பி நடக்கிறார். தெருக்குழாய் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். வெகுநேரம் அழுகிறார். கேமரா நகரவே நகராது.

அக்கா அந்த வசனத்தை உள்ளது உள்ளபடி இந்த நாட்டு மொழியில் எழுதினார். இரண்டே வரி. எல்லாப் படங்களின் கோப்புகளையும் தலைவருக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனார்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு, தொண்டர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தியேட்டர்காரர் தயவில் அதே தியேட்டரில் ஓர் ஒத்திகைக் காட்சி நடந்தது. அக்காவுக்கு அன்று பணி. மாலையில் அவர் ஓட்டிய பேருந்திலேயே மகள் ஏறினாள், தோழிகளோடு. அவர்களில் பல் டாக்டரின் மகளும் ஒருத்தி. ஓட்டுநர் இருக்கைப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பலாக நின்று, இந்த நாட்டு மொழியில் கலகலத்தார்கள்.

"அம்மா, உன் படம் செம காமெடி."

"எதுடி?"

"அந்தத் தாத்தா படம்தான். பெரிய வீட்டுக்குப் போறார்ல? உள்ளேர்ந்து ஒரு அம்மா, 'தரை ஈரமா இருக்கு, கொஞ்சம் வெளியே இருங்க'ன்னு சொல்றாங்க. அதுக்குப் போய் அவர் குழாயடியில உக்காந்து ஓன்னு அழறார்!"

"காயற வரைக்கும் நின்னிருக்கலாம்ல, தாத்தா!" என்றாள் டாக்டர் மகள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். "நாங்க சிரிச்ச சிரிப்புல எலெக்ட்ரீஷியன் மாமா ரெண்டு தடவை வந்து அதட்டிட்டார் ஆன்ட்டி."

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அக்கா வண்டியை எடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஓரம் கட்டி, கதவைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"கீழ என்ன எழுதியிருந்துச்சு? இன்னொரு தடவை சொல்லு."

"தரை ஈரமா இருக்கு, கொஞ்சம் வெளியே இருங்க. ஏம்மா? நீதானே எழுதினே?"

கோபத்தில் கத்துகிற அம்மாளின் பேச்சு அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் சத்தம். சாதி என்ற சொல்லையே அவர்கள் அறிய மாட்டார்கள். வீடுகளில் அது கல்யாணப் பேச்சின்போது, கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் புழங்குகிற சொல். அவர்களிடம் இருந்தது திரையின் அடியில் ஓடிய எழுத்து ஒன்றுதான். அந்த எழுத்தில் பொய்யை ஊற்றியிருந்தார்கள். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் பட்ட அவமானத்தைப் பார்த்து, அதே அவமானத்தைப் பட்டு வளர்ந்தவரின் மகள் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. அவளைச் சிரிக்க வைத்தவர்கள் நல்ல மனிதர்கள் என்று பெயர் எடுத்தவர்கள்.

மறுநாள் காலை அக்கா பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். தலைவருக்கு வேறு நேரம் கிடையாது என்பதால் நோயாளியாகவே பதிவு செய்துகொண்டு போனார். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே விளக்கை இழுத்துவிட்டு, முகமூடியோடு குனிந்தார் டாக்டர்.

"அட, நீங்களா! எந்தப் பல்லு? வாயைத் திறங்க."

"திறக்கத்தான் வந்தேன். என் சப்டைட்டிலை யார் மாத்தினது?"

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "நான்தான். ஒரே ஒரு வரி. கமிட்டியில நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

"எழுதின என்கிட்ட கேக்கலையே."

"கேட்டா சம்மதிப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை." முகமூடியைக் கழற்றினார். "பாருங்க, நகரசபையிலேர்ந்து வர்றாங்க, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. இருபது வருஷமா நாம இங்கே கௌரவமா தலை நிமிர்ந்து இருக்கோம். அவங்க முன்னால நம்மளை நாமே அசிங்கப்படுத்திக்கணுமா?"

"அவங்க முன்வரிசையில நாலு பேர்தான், டாக்டர். டீ குடிச்சிட்டுப் பாதியில எழுந்து போயிடுவாங்க. கீழ எழுத்தைப் படிக்கிறது யார் தெரியுமா? என் பொண்ணு. உங்க பொண்ணு."

டாக்டர் விளக்கை ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னது உளப்பூர்வமாகச் சொன்னதுதான், அதில் சந்தேகமில்லை. "அதுக்காகத்தான்மா சொல்றேன். இந்தக் கருமம் எல்லாம் தெரியாமலே வளரட்டுமே. தெரியாம போனாத்தானே ஒழியும்?"

"உங்க பொண்ணுக்குத் தெரியாம போகலாம். மாப்பிள்ளை தேடும்போது உங்களுக்கு மறந்துடுமா?"

டாக்டர் தட்டிலிருந்த கருவிகளை நேராக அடுக்கினார்.

"உங்க வீட்டுல அது தூங்கிட்டு இருக்கலாம். நினைச்சப்ப எழுப்பிக்கலாம். படியில நிக்க வெச்சவங்க மறந்துட்டோம்னு சொன்னா, நின்னவங்களும் மறக்கணுமா? ஏதோ ஈரத்தரைக்காக அழுதோம்னு எங்க பிள்ளைங்க நினைக்கணுமா?"

'எங்க' என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரின் பார்வை ஒரு கணம் அக்காவின் முகத்தில் நின்று விலகியது. இத்தனை வருஷம் அவர் யோசிக்காத ஒன்றை யோசிக்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. அந்தப் பார்வையை அவர் முன்பும் பார்த்திருக்கிறார், வேறு முகங்களில்.

"நீங்க எழுதின வரியைப் போட முடியாது. படம் வேணும்னா மாத்தின வரியோட ஓடும். இல்லேன்னா படமே இல்லை" என்றார் டாக்டர், முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு. "பல்லு பாக்கணுமா?"

"பல்லெல்லாம் கெட்டியா இருக்கு" என்று இறங்கி வந்தார் அக்கா.

விழாவுக்கு முந்தின நாள். தியேட்டரில் தொண்டர்கள் இருக்கைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் அக்காவைப் புரொஜெக்டர் அறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நீங்க எழுதினதைக் கொடுங்க. ஓட்டும்போது நான் மாத்திப் போட்டுடறேன். தலைவருக்குத் தெரியும்போது படம் பாதி ஓடியிருக்கும்."

"திருட்டுத்தனமா செய்யறதுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்? தப்பு பண்ணினது அவங்க. எல்லாரையும் கீழ கூப்பிடு தம்பி. வெளிச்சத்துலயே பேசிக்கலாம்."

எல்லோரும் முன்வரிசையில் கூடினார்கள். நடந்ததை அக்கா நின்றபடியே சொன்னார். கூட்டி எதுவும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பாதிப் பேர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வரிக்கு இவ்வளவு ரகளையா?" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"ஒரு வரிதானேன்னா அதை அப்படியே விட்டுடுங்களேன் அண்ணே" என்றார் அக்கா.

எலெக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார். "புரொஜெக்டர் நான் ஓட்டறேன். அந்த ஈரத்தரையை வேற யாராவது ஓட்டிக்கட்டும்."

புரொஜெக்டரைத் தொடத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே கிடையாது. சலசலப்பு எழுந்தது. நம்மவர்கள் கூடும் இடத்தில் நியாயம் கிடைக்கிறதோ இல்லையோ, சமரசம் கட்டாயம் கிடைக்கும். தலைவர் பெரிய மனிதத் தோரணையில் எழுந்து தீர்ப்புச் சொன்னார்: "சரி, யாருக்கும் மனவருத்தம் வேண்டாம். இந்தப் படத்துக்கு மட்டும் சப்டைட்டிலே கிடையாது. அப்படியே ஓடட்டும். பிரச்சினை முடிஞ்சுது."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மொழி தெரிந்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். தெரியாத பிள்ளைகளுக்கு எதுவுமே விளங்காது. யார் மனமும் நோகவில்லை. இதைவிட வசதியான சமாதானம் உண்டா?

"சரி" என்றார் அக்கா.

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்காத தலைவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுத்து வேண்டாம். நான் வாயால சொல்றேன்" என்றார் அக்கா. "முதல் வசனத்துலேர்ந்து கடைசி வசனம் வரைக்கும். எழுதினாத்தானே மாத்துவீங்க?"

"மைக் கிடையாது!"

"நான் கேக்கவே இல்லையே."

சனிக்கிழமை மதியம் தியேட்டர் நிறைந்திருந்தது. படம் தொடங்குமுன் அக்கா இடப்பக்க வரிசைகளின் நடுவே வந்து நின்று, இந்த நாட்டு மொழியில், "மொழி புரியாதவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. நான் சொல்றேன்" என்றார். முதலில் மகள் எழுந்து வந்தாள். பிறகு அவளுடைய தோழிகள். அப்புறம் ஒவ்வொருவராகப் பிள்ளைகள், அவர்கள் பின்னால் சில மருமகன்கள், மருமகள்கள். நகரசபைக்காரர் ஒருவரும் பிளாஸ்டிக் கோப்பையோடு இடம் மாறி உட்கார்ந்தார். வலப்பக்கம் காலியாகி, இடப்பக்கத்தில் படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

விளக்கு அணைந்தது. அக்கா சொல்லத் தொடங்கினார். நடிக்கவில்லை, குரல் மாற்றவில்லை; யார் பேசுகிறார், என்ன பேசுகிறார், அவ்வளவுதான்.

"யாரும்மா அது? நிம்மதியா படம் பாக்க விடமாட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்களுக்குத்தான் காது கேக்குதே, பாருங்க! பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றது இன்னொரு குரல். அது மளிகைக் கடைக்காரருடையது என்று பிறகு சொன்னார்கள். அவரோ கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

முதியவர் பெரிய வீட்டுக்கு வந்தார். படியில் கால் வைத்தார். உள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் வெடித்தது. அக்கா அதைச் சொன்னார். நில், சாதி, உங்க ஆளுங்க, படி. ஒரு சொல்லையும் விடவில்லை. தன்னைச் சொன்னதுபோல் குரல் தழுதழுக்கவும் இல்லை, வேறு யாரையோ சொன்னதுபோல் அவசரமாகத் தாண்டவும் இல்லை. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற தெளிவோடு சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை.

முதியவர் குழாயடியில் உட்கார்ந்தார். அங்கே வசனம் கிடையாது. அக்காவுக்கும் வேலை கிடையாது. வரிசைகளின் நடுவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரமும் பிள்ளைகளின் கண்கள் திரையில் இருந்தன. டாக்டர் மகள் மட்டும் ஒருமுறை தலையைத் திருப்பி வலப்பக்க முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்தபோது அக்காவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெளிக்கூடத்தில் எலெக்ட்ரீஷியன் கொடுத்த வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் மகள் அப்பாவை வழிமறித்துக் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"அப்பா, இது நிஜமா?"

"வீட்டுல போய்ப் பேசலாம்."

"நம்ம வீட்டுலயும் இப்படித்தான் யாரையாவது நிக்க வெச்சாங்களா?"

"வீட்டுல பேசலாம்னு சொன்னேன்ல."

"இங்கேயே சொல்லுங்கப்பா. ஞாயித்துக்கிழமை இங்கேதான் நான் சிரிச்சேன்."

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். நகரசபைக்காரர் இருந்தார். பத்திரிகைக்காரப் பெண் இருந்தாள். கழுத்தில் அட்டை தொங்கும் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர் மகளை ஓரமாக அழைத்துப்போய், சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண் நிறைய கேள்விகள் கேட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. அவர் தலை பலமுறை அசைந்தது, மேலும் கீழுமாக.

வீட்டுக்கு நடந்து போகும்போது அக்காவின் மகள் தெருமுனையில் நின்றாள். பிறகு, "எனக்கு ஏன் இதைச் சொல்லலை?" என்று கேட்டாள்.

"சொல்லியிருக்கணும். இப்போ கேளு."

கட்டிப்போன குரலில் அக்கா பேச ஆரம்பித்தார். அன்று அவர் பேசியது இரண்டு வரி இல்லை.

தலைவர் இன்னமும் அவர்தான். மனம் மாறி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார் என்றெல்லாம் எழுத ஆசைதான், நடக்கவில்லை. கமிட்டியில் இருவருக்கும் இன்றும் வாய்ச்சண்டை ஓய்வதில்லை. ஆனால் அந்தப் படம் மறுவருஷம் மறுபடி திரையிடப்பட்டது, அக்கா எழுதிய வரியோடு. இப்போதெல்லாம் எந்தப் படத்தின் எழுத்தையும் அதை எழுதியவரைக் கேட்காமல் யாரும் தொடுவதில்லை. மாற்ற வேண்டும் என்று நினைப்பவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்த ஒரு விதி போதுமாக இருந்தது. எழுந்து நின்று, தரை ஈரமாக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் மகள் இப்போது நம் எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அக்காவிடம்தான்.

அக்காவைப் பாராட்டி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவருக்கு அது தேவையில்லை. உங்கள் நகரத்திலும் இப்படி ஒரு விழா நடக்கும். போங்கள். மொழி பாதி தெரிந்த ஒரு பிள்ளையைத் தேடி அதன் பக்கத்தில் உட்காருங்கள். படம் ஓடும்போது அது உங்கள் பக்கம் சாய்ந்து, இப்போ என்ன சொன்னாங்க என்று கேட்கும். சொன்னதைச் சொல்லுங்கள்.